வெற்றிடத்துக்குள் புகும் காற்று

குடிநீரில் உள்ள கிருமிகளைக் கொல்வதற்காக நாம் சேர்க்கும் குளோரின், மட்கிய இலைதழைகளிலிருந்து அந்த நீரில் முன்பே கரைந்து கிடக்கும் பொருள்களோடு கூடி, குளோரோபார்ம் போன்ற புதிய பதார்த்தங்களைத் தானாகவே உண்டாக்கிவிடுகிறது என்ற உண்மையை, ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரின் குடிநீர்த் துறையில் பணியாற்றிய யோஹானஸ் ரூக் என்பவரும், அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த பெல்லார், லிக்டன்பர்க், குரோனர் ஆகிய மூவரும் 1974-ஆம் ஆண்டில் தனித்தனியே வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் பிறந்தது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் சில பங்குகளே இருக்கும் ஒரு பொருளை அடையாளம் கண்டு அளவிடும் ஆற்றல் மனிதனுக்கு வாய்த்திராவிட்டால், இப்படிப்பட்ட சட்டங்களுக்கு எழுத்துவடிவம் இருந்திருக்குமேயன்றி நடைமுறை இருந்திராது. அந்த ஆற்றலை இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களுக்கு அளித்துவரும் யந்திரத்தையும், அதைப் பெரும்பாலும் பீடிக்கும் இரண்டு கோளாறுகளையும், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் முறையையும் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ள காரியம்.

ஆய்வுக்கூடங்களில் ஜி.சி.எம்.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் இந்த யந்திரம், உண்மையில் இரண்டு யந்திரங்களின் சேர்க்கை. முதற்பாதி, கலவையாக வரும் ஆவிகளைப் பிரிப்பது. 1952-ஆம் ஆண்டில் லண்டனில் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இரு விஞ்ஞானிகள் வகுத்த முறையின் வழிவந்தது. சுமார் 30 மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட ஒரு நுண்குழாயின் உட்சுவரில் மெல்லிய பூச்சு ஒன்று படிந்திருக்கும். ஹீலியம் வாயு ஆவிகளைச் சுமந்துகொண்டு அதனூடே செல்லும்போது, பூச்சில் அதிகம் ஒட்டாத பொருள் முந்தியும், அதிகம் ஒட்டும் பொருள் பிந்தியுமாக, ஒவ்வொன்றும் தனித்தனியே மறுமுனையை அடைகின்றன. இரண்டாம் பாதியான நிறைமானி, அப்படி வந்துசேரும் மூலக்கூறுகளின்மீது 70 எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள எலெக்ட்ரான்களை மோதவிட்டு, அவற்றை மின்னூட்டம் பெற்ற துணுக்குகளாக உடைத்து, அந்தத் துணுக்குகளை நிறைவாரியாக எண்ணுகிறது. 1950-களின் நடுவில், அமெரிக்காவில் மிட்லண்ட் நகரத்து டௌ கெமிக்கல் நிறுவனத்தில், ரோலண்ட் கோல்கே, பிரெட் மெக்லாபர்ட்டி என்பவர்கள் இவ்விரண்டையும் இணைத்துக் காட்டினார்கள். நீரை 18 என்ற எண்ணாலும், நைட்ரஜனை 28 என்ற எண்ணாலும், பிராணவாயுவை 32 என்ற எண்ணாலும் இந்த யந்திரம் அறிகிறது என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மேலே சொல்லப்போவது யாவும் அதிலிருந்தே விளங்கிவிடும்.

நிறைமானியின் உட்பகுதி வெற்றிடமாக இருப்பது இன்றியமையாதது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் ஒரு மூலக்கூறு, ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு தூரத்தைக் கூடத் தடையின்றிக் கடக்க இயலாது. அதற்குள் மற்றொரு மூலக்கூறின்மீது மோதிவிடும். அப்படியிருக்க, உடைபட்ட துணுக்குகள் பிறந்த இடத்திலிருந்து எண்ணப்படும் இடம்வரை வழிமறிப்பின்றிச் செல்லவேண்டுமானால், உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏழு கோடியே அறுபது லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு, அதாவது டார் என்ற அழுத்த அலகில் லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைத்தாக வேண்டும். அப்போதுதான் ஒரு மூலக்கூறு சராசரியாக ஐந்து மீட்டர் தூரம் தனிவழி செல்லும். இந்த நிலையை உண்டாக்க, முதலில் சாதாரணச் சுழல் பம்ப் ஒன்றும், அதன்மேல் நிமிஷத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் டர்போ பம்ப் ஒன்றும் இரவு பகலாக இயங்கிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு பிரயாசைப்பட்டுக் காலிசெய்த இடத்துக்குள், கண்ணுக்குப் புலப்படாத ஒரு துவாரத்தின் வழியே வெளிக்காற்று புகுவதே கசிவு. உட்சுவர்களில் ஒட்டிக்கொண்டோ, ஆய்வுக்கு வந்த மாதிரியோடு சேர்ந்தோ நீராவி தங்கிவிடுவதே ஈரம்.

இவ்விரண்டும் செய்யும் தீங்கு சாமானியமானதல்ல. உஷ்ணமான நுண்குழாய்க்குள் பிராணவாயு சென்றால், அதன் உட்பூச்சு சிதைந்து, 207, 281 என்ற எண்களில் ஓயாத இரைச்சலாக வெளிப்படத் தொடங்கும். எலெக்ட்ரான்களை வெளிவிடும் மெல்லிய உலோக இழை அற்பாயுளில் எரிந்துபோகும். துணுக்குகள் பிறக்கும் அறையின் சுவர்கள் கறுக்கும். ஈரமோ, தொடக்கத்தில் வெளிவரும் இலேசான ஆவிகளின் உருவத்தைக் குலைத்து, கூர்மையாக எழவேண்டிய சிகரங்களை அகலமாகவும் குட்டையாகவும் ஆக்கிவிடும். அளவீட்டுக்கு ஆதாரமாகச் சேர்க்கப்படும் ஒப்புப்பொருளின் அளவு நாளுக்கு நாள் மாறுவதுபோலக் காட்டும். ஆய்வாளரின் கண்ணுக்கு இரண்டின் விளைவும் ஒன்றாகவே தோன்றும்: நேற்று நன்றாக வேலைசெய்த யந்திரம் இன்று மந்தமாகிவிட்டது. இங்கேதான் பெரும்பாலோர் வழிதவறுகிறார்கள். மந்தத்துக்குக் காரணம் எது என்று நிர்ணயிக்காமலே, கைக்கு எட்டிய நட்டுகளையெல்லாம் முறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு யந்திரத்தின் அன்றாட உபயோகமுறையும் ஒரு காரணம். குடிநீரில் உள்ள எளிதில் ஆவியாகும் பொருள்களை ஆராயும்போது, நிறைமானியை 35 என்ற எண்ணிலிருந்து மேலே மட்டும் எண்ணும்படி அமைப்பது வழக்கம்; அதற்குக் கீழே உள்ள நீரும் நைட்ரஜனும் பிராணவாயுவும் எப்போதும் ஓரளவு இருந்துகொண்டேயிருக்குமாதலால், அவற்றை எண்ணத் தொடங்கினால் அவற்றின் பெருக்கத்தில் மற்றவை மறைந்துபோகும் என்பதே அதன் நியாயம். நியாயமான இந்த ஏற்பாட்டின் பயனாக, எந்த எண்களில் நோயின் அறிகுறி தெரியுமோ அந்த எண்களையே தினசரிப் பதிவு காட்டாமல் விட்டுவிடுகிறது. ஆகவே கோளாறு என்ற சந்தேகம் எழுந்தவுடன் செய்யவேண்டிய முதற்காரியம், ஸ்பானரைத் தேடுவதன்று. எண்ணிக்கையின் தொடக்கத்தைப் பத்துக்குக் கொண்டுவந்து, யந்திரம் தன்னைப்பற்றியே சொல்லும் வாக்குமூலத்தைக் கேட்பதுதான்.

அந்த வாக்குமூலத்தைப் படிக்கும் முறை மிகவும் ருசிகரமானது. யந்திரத்தைச் செப்பம் செய்வதற்காக, பெர்ஃப்ளூரோட்ரைபியூட்டைலமைன் என்ற நீண்ட பெயருள்ள திரவம் ஒன்று அதனுள்ளேயே சிறு குப்பியில் வைக்கப்பட்டிருக்கும். அதன் ஆவி 69, 219, 502 ஆகிய எண்களில் தெளிவான சிகரங்களைத் தரும். இவற்றுள் 69-ன் உயரத்தை அளவுகோலாகக் கொண்டு, 28-ல் தெரியும் நைட்ரஜன் அதில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் விதி. ஆனால் அநுபவசாலிகள் உயரத்தோடு நின்றுவிடுவதில்லை, விகிதத்தை நோக்குகிறார்கள். காற்றில் நைட்ரஜன் நூற்றுக்கு 78 பங்கு, பிராணவாயு 21 பங்கு, ஆர்கான் ஏறக்குறைய ஒரு பங்கு. ஆகையால் 28-ம் 32-ம் சுமார் நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து நின்று, 40-ல் ஆர்கானும் சிறிதளவு தலைகாட்டினால், உள்ளே வந்திருப்பது வெளிக்காற்றே என்பதில் ஐயமில்லை. 28 மட்டும் தனியே உயர்ந்திருந்தால் அது கார்பன் மோனாக்சைடாகவும் இருக்கலாம். ஏனெனில் அதன் எண்ணும் அதுவே. பிராணவாயு, சூடான இழையோடும் உலோகச் சுவரோடும் கூடி ஓரளவு செலவழிந்துவிடுவதும் உண்டு. எதனோடும் கூடாத இயல்புடைய ஆர்கானோ, வந்த அளவில் அப்படியே நிற்கும்; அளவில் மிகச் சிறியதானாலும், நம்பிக்கைக்கு உரிய சாட்சி அதுவே.

இதற்கு மாறாக, 28-ம் 32-ம் தாழ்ந்திருக்க, 18 மட்டும் ஓங்கி நின்று, அதனருகே 17-ல் அதன் துணுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் காணப்படுமானால், கோளாறு ஈரத்தினுடையது. இங்கே காலம் என்பதும் ஒரு பரிசோதனைக் கருவியாகிறது. பழுதுபார்ப்பதற்காக யந்திரத்தைத் திறந்து மூடினால், அந்தச் சிறிது நேரத்தில் அறைக்காற்றிலுள்ள நீராவி உலோகச் சுவர்களில் படிந்துவிடும். பம்ப் இயங்கத் தொடங்கியபின் நைட்ரஜன் விரைவில் வெளியேறிவிட, நீர் மட்டும் சுவரைவிட்டு மெல்ல மெல்லப் பிரிந்து, பல மணி நேரம் வந்துகொண்டேயிருக்கும். துணுக்குகள் பிறக்கும் அயனி அறையைச் சுமார் 230 டிகிரி உஷ்ணத்தில் ஓர் இரவு வைத்திருந்தால், மறுநாள் காலை அது தணிந்திருப்பதைப் பார்க்கலாம். கசிவுக்கு இந்தக் குணம் கிடையாது. முதல் மணியில் இருந்த உயரமே பத்தாம் மணியிலும் இருக்கும். எனவே, குறைந்துகொண்டே வருவது ஈரம், குறையாமல் நிற்பது கசிவு என்று இரண்டையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். இதற்குத் தேவையானது பொறுமை ஒன்றே. திறந்து மூடிய அரைமணி நேரத்துக்குள் 18-ன் உயரத்தைக் கண்டு பதறி, மீண்டும் திறந்து பார்ப்பவர் புதிய ஈரத்தை உள்ளே அழைத்துக்கொள்கிறார்.

கசிவு என்று நிச்சயமானபின் அடுத்த கேள்வி, அது எந்தப் பாதியில் இருக்கிறது என்பது. நுண்குழாயில் நிமிஷத்துக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் ஓடும் ஹீலியத்தை இரண்டு மில்லிலிட்டராக உயர்த்திப் பார்த்தால், அதோடு 28-ன் உயரமும் ஏறுமானால், காற்று ஹீலியத்தோடு சேர்ந்து வருகிறது. துவாரம் சிலிண்டருக்கும் நுண்குழாய்க்கும் இடையே எங்கோ இருக்கிறது. உயரம் மாறாமல் நிற்குமானால், துவாரம் வெற்றிடத்தின் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் திட்டமாக அறிய வேண்டுமானால், யந்திரத்தின் அழுத்தத்தை முறைப்படி ஏற்றி நிறுத்தி, நுண்குழாயைக் கழற்றிவிட்டு, அது நிறைமானிக்குள் நுழையும் வாயிலைத் துளையில்லாத ஃபெரூல் என்ற அடைப்பான் கொண்டு அடைத்து, மீண்டும் பம்பை இயக்கிப் பார்க்கலாம். காற்று மறைந்தால் குற்றம் முன்பாதியைச் சேர்ந்தது. மறையாவிட்டால் பின்பாதியைச் சேர்ந்தது. முப்பது இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதைவிட, ஒரே சோதனையில் அவற்றில் பாதியைக் குற்றமற்றவை என்று விலக்கிவிடுவது எத்தனையோ மேல்.

கசிவு பெரும்பாலும் வாசம்செய்யும் இடங்கள் சிலவே. நுண்குழாய் நிறைமானிக்குள் நுழையும் இடத்தில், நட்டுக்கு அடியில் வெஸ்பெல் என்ற பிளாஸ்டிக்கும் கிராஃபைட்டும் கலந்து செய்த ஃபெரூல் ஒன்று இருக்கும். அது முதல் சில முறை சூடாகி ஆறும்போது சுருங்கிவிடுவதால், இறுக்கமாக வைத்த நட்டு தானே தளர்ந்துவிடும். புதிய ஃபெரூலைப் பொருத்தியபின் உஷ்ணத்தை ஏற்றி இறக்கி, மறுபடியும் சிறிது முறுக்கவேண்டும் என்பது இதனால்தான். ஆனால் சிறிது என்பது சிறிதாகவே இருக்கவேண்டும். பலத்தைக் காட்டி முறுக்கினால் ஃபெரூல் நசுங்கி, இல்லாத கசிவு உண்டாகும். யந்திரத்தின் பக்கக் கதவில் உள்ள ஓ-ரிங்கின்மீது ஒரு நூலிழையோ தலைமுடியோ கிடந்தாலும் போதும், காற்றுக்கு வழி பிறந்துவிடும். மாதிரியை ஊசியால் செலுத்தும் இடத்தில் உள்ள செப்டம் என்ற ரப்பர் வட்டு, பலமுறை குத்துப்பட்டு நைந்துபோகும். சிலிண்டரை மாற்றும்போது இணைப்பில் தங்கும் காற்றும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதே.

ஹீலியம் ஓடும் குழாய்களில் அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகமாயிற்றே, துவாரம் இருந்தால் ஹீலியம்தானே வெளியேறும், காற்று எப்படி உள்ளே வரும் என்று வாசகர் கேட்பது நியாயமே. ஒவ்வொரு வாயுவும் மற்றதைப் பொருட்படுத்தாமல், தான் மிகுந்துள்ள இடத்திலிருந்து குறைந்துள்ள இடத்துக்குப் பரவும் இயல்புடையது, நூற்றுக்கு 99.999 பங்கு தூய்மையுள்ள ஹீலியக் குழாய்க்குள் நைட்ரஜன் ஏறக்குறைய இல்லையாதலால், வெளியே வரும் ஹீலியத்தை எதிர்த்துக்கொண்டே அது சிறிது சிறிதாக உள்ளே நுழைந்துவிடுகிறது. குழாயின் நடுவே பிராணவாயுவையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் வடிகட்டிகளைப் பொருத்துவது இதற்கான காப்பு. அந்த வடிகட்டியின் நிறம் மாறிவிட்டால், அது தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது என்பதோடு, மேலே எங்கோ கசிவு இருக்கக்கூடும் என்பதும் பொருளாகும்.

சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி கிளம்பும் இடத்தைத் துளை என்று கண்டுகொள்வதுபோல, சவர்க்கார நீரைப் பூசிப் பார்க்கலாமே என்று தோன்றலாம். வெற்றிடத்தின் பக்கத்தில் அது பயன்படாது. அங்கே காற்று வெளியே வருவதில்லை, உள்ளே போகிறது. குமிழி கிளம்பாததோடு, சவர்க்கார நீரும் துளை வழியே உறிஞ்சப்பட்டு, நாள்கணக்கில் போகாத அழுக்காகத் தங்கிவிடும். ஆகையால் இங்கே தலைகீழான உபாயம் கையாளப்படுகிறது. நிறைமானியை 40 என்ற எண்ணை மட்டும் கவனிக்கும்படி நிறுத்திவிட்டு, ஆர்கான் வாயுவை மெல்லிய குழல் வழியாக ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் ஒரு கணம் ஊதுவார்கள். துளை உள்ள இடத்தில் ஊதியவுடன் திரையில் 40 துள்ளி எழும். கணிப்பொறிகளின் தூசியை ஊதித் தள்ள உதவும் டப்பாக்களில் டெட்ராபுளோரோஈத்தேன் இருந்தால், அதை ஊதி 69, 83 ஆகிய எண்களைக் கவனிப்பதும் உண்டு. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்குவது. மேல் இணைப்பில் ஊதியது கீழ் இணைப்பின் துளையில் நுழைந்து, குற்றமற்றதைக் குற்றவாளியாகக் காட்டிவிடக்கூடும். ஆகவே கீழிருந்து மேலாகச் செல்வது விவேகம். ஓர் இணைப்பில் ஊதியபின் சற்றுக் காத்திருந்து, திரை அடங்கிய பிறகே அடுத்ததற்குப் போகவேண்டும்.

ஈரத்தின் கதை, குடிநீர் ஆராய்ச்சியில் தனியொரு கடுமையை அடைகிறது. பெல்லாரும் லிக்டன்பர்க்கும் சின்சினாட்டியில் உருவாக்கிய முறைப்படி, 25 மில்லிலிட்டர் நீருக்குள் நிமிஷத்துக்கு 40 மில்லிலிட்டர் வீதம் 11 நிமிஷம் ஹீலியத்தைக் குமிழியிடச் செய்து, அதோடு கிளம்பும் ஆவிகளை டெனாக்ஸ், சிலிக்கா ஜெல், கரி ஆகிய உறிஞ்சுபொருள்கள் அடைத்த ஒரு சிறு குழாயில் சிறைப்படுத்தி, பின்னர் அதைச் சூடாக்கி நுண்குழாய்க்குள் அனுப்புகிறார்கள். அந்த 440 மில்லிலிட்டர் ஹீலியம் சாதாரண அறை உஷ்ணத்தில் நீராவியால் நிறைந்து வெளிவரும்போது, சுமார் 10 மில்லிகிராம் நீரைத் தன்னோடு கொண்டுவருகிறது. நாம் தேடும் பொருள்களில் ஒன்றான வினைல் குளோரைடோ, அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்ற அளவில் இருந்தாலும், அந்த 25 மில்லிலிட்டரில் 50 நானோகிராம்தான் இருக்கும். தேடும் பொருளைவிடத் தேவையற்ற நீர் இரண்டு லட்சம் மடங்கு! அந்த நீரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரோலிட்டர் மட்டும் உள்ளே சென்றாலும், ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, நுண்குழாயில் ஒரு நிமிஷம் முழுதும் ஓடும் ஹீலியத்தின் கனஅளவையும் மிஞ்சிவிடும்.

டெனாக்ஸ் நீரை அதிகம் ஏற்பதில்லை. சிலிக்கா ஜெல் ஏற்றுக்கொண்டு எளிதில் விடுவதுமில்லை. ஆகவே நீரை அதிகம் பிடித்துவைக்காத கரிவகைகள் நிரப்பிய குழாயைத் தேர்ந்து, ஆவிகளைப் பிடித்தபின் சில நிமிஷங்கள் உலர்ந்த ஹீலியத்தை அதனூடே செலுத்தி ஈரத்தைக் களைவது ஒரு வழி. சோப்புத்தூள் கலந்த கழிவுநீர் நுரைத்தெழுந்து குழாய்க்குள்ளேயே சென்றுவிடாமல் கண்காணிப்பதும், இணைப்புக் குழாய்களில் உஷ்ணம் குறைந்த இடம் இருந்து அங்கே நீர் படிந்துவிடாமல் பார்ப்பதும் மற்றவை. இந்தப் பகுதியில் ஏற்படும் கோளாறை, தேடும் பொருள்களே காட்டிக்கொடுப்பதும் உண்டு. குமிழியிடும் ஹீலியத்தின் வேகம் மிஞ்சினால், மிக இலேசான குளோரோமீத்தேன் பிடிபடாமல் ஓடிவிடும். கசிவினால் வேகம் குறைந்துபோனால், கனமான புரோமோபார்ம் நீரைவிட்டுச் சரியாகக் கிளம்பாது. எந்தப் பொருள் குறைந்தது என்று பார்த்தே எந்த இடத்தில் தவறு என்று ஊகிக்கும் இந்தச் சாதுர்யம், கையேட்டில் ஒரு வரியாக இருப்பதை அநுபவத்தில் ஓர் ஆயுதமாக ஆக்கிக்கொண்டவர்களுக்கே கைவருகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒழுக்கம் ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. செப்டத்தையும் ஃபெரூலையும் சிலிண்டரையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, யந்திரம் குணமாயிற்று என்று மகிழ்பவர், எது கோளாறு என்பதை அறியாமலே மகிழ்கிறார். அது திரும்பி வரும்போது மூன்றையும் மறுபடி மாற்றுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. யந்திரம் நன்றாக இருக்கும் நாளில் 18, 28, 32, 40 ஆகியவற்றின் உயரங்களைப் பதிவேட்டில் குறித்துவைப்பவருக்கோ, கோளாறு வந்த நாளில் எதோடு எதை ஒப்பிடுவது என்ற திகைப்பு ஏற்படுவதில்லை.

சோதனைச்சாலைக்கு வெளியே இருக்கும் சாதாரணக் குடிமகனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நீர்ப் பரிசோதனை அறிக்கைகளில் மிகுதியாகக் காணப்படும் சொற்றொடர் ‘கண்டறியப்படவில்லை’ என்பது. ஈரத்தாலும் கசிவாலும் மந்தமடைந்த யந்திரம், இல்லாத விஷத்தை இருப்பதாகச் சொல்வது அரிது; இருக்கும் விஷத்தை இல்லை என்று சொல்லிவிடுவதுதான் எளிது. நல்ல ஆய்வுக்கூடங்கள் அதனாலேயே, அளவு தெரிந்த ஒரு மாதிரியை முதலில் யந்திரத்துக்குக் கொடுத்து, அது அந்த அளவைத் தவறாமல் சொல்கிறதா என்று பார்த்தபிறகே, மக்கள் குடிக்கும் நீரை அதனிடம் ஒப்படைக்கின்றன. ஆகவே ஓர் அறிக்கையைப் பெறுபவர், எதுவும் கண்டறியப்படவில்லை என்ற வரியோடு திருப்தியடைந்துவிடாமல், அன்றைக்கு அந்த யந்திரத்துக்குத் தெரிந்தே கொடுக்கப்பட்டது கண்டறியப்பட்டதா என்றும் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்கும் அறிக்கையே நம்பத்தக்க அறிக்கை.